பூவுக்கு வரி இல்லை, கூட வைக்கிற சாக்லேட்டுக்கு உண்டு

சின்னக் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. மளிகையோ ஜவுளியோ ஃபேன்சி ஸ்டோரோ, எதுவானாலும் டெலிவரி சார்ஜும் வரியும் போட்டு முடிக்க அரை நாள் போதும். எடை எவ்வளவு, எந்த ஊர், எத்தனை சதவீதம் என்று மூன்று கேள்வி கேட்டால் வேலை முடிந்தது. பூக்கடைக்கு மட்டும் அந்த மூன்று கேள்வியும் உதவாது. பூவுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. வரி என்று பார்த்தால் பூவுக்குச் சைபர். ஆனால் பூவோடு சேர்ந்து போகும் எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது.

கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கடை. நடத்துகிறவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆன்லைன் கடை மென்பொருளான வூகாமர்ஸில் கடை தயார், படமெல்லாம் ஏற்றியாகிவிட்டது. டெலிவரி பற்றி அவர் சொன்னது ஒரே வரி.

"அம்பது ரூபா போட்டுடு தம்பி. ஐந்நூறுக்கு மேல வாங்குனா ஃப்ரீ. எல்லாரும் அப்படித்தான போடுறாங்க?"

எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். அதனால்தான் பாதிப் பேருக்கு ஆன்லைனில் வியாபாரம் நடக்கிறது, காசு நிற்பதில்லை. அக்காவிடம் ஆர்டர் எழுதும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்று விதமான டெலிவரி இருந்தது. மூன்றுக்கும் ஒரே கட்டணம் என்பது நடக்கிற காரியம் இல்லை.

முதலாவது, சாமிக்குப் போடும் தினசரிப் பூ. விடிகாலையில் ஒரு பையன் சைக்கிளில் கிளம்புகிறான். வாழையிலையில் மடித்த பொட்டலங்கள் வரிசைப்படி அடுக்கியிருக்கும். வீட்டு கேட்டில் மாட்டியிருக்கும் துணிப்பையில் போட்டுவிட்டு, மணிகூட அடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஒரே சுற்றில் ஒரு தெருவே முடிந்துவிடும். இதில் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு சில்லறைதான். இதற்குத் தனி டெலிவரி சார்ஜ் என்று ஒரு வரி போட்டால் மாமிகள் அடுத்த நாளே கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் போய்விடுவார்கள். மாதச் சந்தாவிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, பொக்கே. ஒரு ஆர்டர், ஒரு பயணம், வேறெதோடும் சேர்க்க முடியாது. பிறந்தநாள் சர்ப்ரைஸ் என்பதால் வாங்குகிறவர் நம்பர் தரமாட்டார். தந்தாலும் தெரியாத நம்பர் என்று அந்தப் பக்கம் எடுக்கமாட்டார்கள். பையன் கேட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். நாள் சம்பளம் 600 ரூபாய், பத்து மணி நேர வேலை என்றால் மணிக்கு 60. போய்வர 40 நிமிடம் ஆனால் கூலி மட்டும் 40 ரூபாய். போகவர 12 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 25 ரூபாயை ஒட்டி வரும். டயர், பிரேக், சர்வீஸ் என்று ஒரு 10 வைத்துக்கொண்டால் 75 ரூபாய். அக்காவின் அம்பதில் ஏற்கெனவே 25 குறைகிறது. ஐந்நூறுக்கு மேல் இலவசம் என்றால் அந்த 75 முழுக்கப் பூவின் லாபத்திலிருந்து போகும். ஐந்நூறு ரூபாய்ப் பொக்கேயில் பூ, இலை, பேப்பர், கூலி, வாடும் சேதாரம் எல்லாம் போக என்ன நிற்கும் என்று பூக்கடைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, கல்யாண மாலை. எடை இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், இடம்தான் அடைக்கும். அட்டைப்பெட்டியில் வாழையிலை விரித்து, ஜோடி மாலையை வட்டமாகச் சுருட்டி வைத்து, தண்ணீர் தெளித்து, மூடியை அழுத்தாமல் கட்ட வேண்டும். பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனால் மண்டபம் போவதற்குள் அடிவரிசை ரோஜா இதழ் ரோட்டில் கிடக்கும். ஆட்டோதான் வைக்க வேண்டும். அதுவும் முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் நாலரைக்கு ஆட்டோக்காரரை எழுப்ப வேண்டும். அந்த நேரத்துக்கு அவர் கேட்பதுதான் ரேட்.

ஆகவே கடையின் டெலிவரி அமைப்பில் எடையைத் தொடாமல், வூகாமர்ஸில் இருக்கும் ஷிப்பிங் கிளாஸ் வசதியை எடுத்துக்கொண்டோம். சந்தாப் பூ ஒரு வகுப்பு, பைக்கில் போவது ஒரு வகுப்பு, ஆட்டோவில் போவது ஒரு வகுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகுப்பைக் குறித்துவிட்டால் கட்டணம் தானாக வரும். இங்கே ஒரு சின்ன அமைப்பைப் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். ஒரே ஆர்டரில் மாலையும் பொக்கேயும் இருந்தால் இரண்டு கட்டணத்தையும் கூட்டுவதா, பெரியதை மட்டும் வாங்குவதா என்று மென்பொருள் கேட்கும். முதலில் நிற்பது கூட்டும் முறை. அதை மாற்றிப் பெரியதை மட்டும் வாங்கும்படி வைத்தோம். ஆட்டோ எப்படியும் போகிறது, அதிலேயே பொக்கேயும் போகட்டும். அதற்குத் தனியாகப் பைக் கட்டணமும் கேட்டால் வாங்குகிறவருக்குக் கோபம் வருவது நியாயம்தானே.

அடுத்தது ஊர். கடலூரில் இருந்துகொண்டு ஊர் எல்லை போடுவது தனி விளையாட்டு. பண்ருட்டி போகிற தூரம்தான் புதுச்சேரியும். தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாகூர் கொம்யூன் வந்துவிடும், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். டெலிவரிக்கு எல்லை ஒன்றும் செய்யாது. பையனுக்குத் தெரிந்ததெல்லாம் ரோடும் பெட்ரோலும்தான். வரிக்குத்தான் அது எல்லை.

பின்கோடை வைத்துப் பகுதி பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால் அதிலும் சிக்கல். கடலூர் 607001. சரி, 607 என்று தொடங்குவதெல்லாம் நம்ம பக்கம் என்று போட்டால் பாகூரும் உள்ளே வந்துவிடும், அதன் பின்கோடு 607402. புதுச்சேரி 605 தானே என்று போட்டால் விழுப்புரமும் 605602 என்று உள்ளே வரும். காரைக்கால் 609602, மயிலாடுதுறை 609001. மாஹேயும் ஏனாமும் நமக்குத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஒன்று கேரள வரிசையில், மற்றது ஆந்திர வரிசையில். தபால்துறை பின்கோடு போட்டது தபால் போகிற வழிக்காக. அதில் மாநில எல்லையைத் தேடக்கூடாது.

ஆகவே, கட்டணத்துக்குப் பின்கோடு, வரிக்கு மாநிலம் என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். வூகாமர்ஸ் பகுதிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். எனவே பாகூர் மாதிரித் தனி ஊர்கள் மேலே, 607 போன்ற பொது வரிசை கீழே. கடைசியில் ‘மற்ற எல்லா இடங்களும்’ என்று ஒன்று தானாக நிற்கும். அதில் எந்த டெலிவரி முறையும் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு நாள் ராத்திரி கௌஹாத்தியிலிருந்து மல்லிகைச் சரத்துக்கு ஆர்டர் வந்து நிற்கும்.

இனி வரி. அக்கா கேட்டது இதுதான்:

"பூவுக்குத்தான் வரியே இல்லியே, அப்புறம் எதுக்கு இந்தப் பக்கத்தைத் திறக்குற?"

பூவுக்கு வரி இல்லை என்பது சரி. வெட்டுப்பூ, உதிரிப்பூ, அலங்கார இலை, செடி எல்லாம் சுங்க வரிப் பட்டியலின் ஆறாவது அத்தியாயத்தில் வருகிறவை, ஜிஎஸ்டியில் விலக்கு பெற்றவை. பொக்கேயும் பூக்கூடையும் மலர்வளையமும்கூடப் பூ என்றே கணக்கு. கூட இருக்கும் ரிப்பன், கூடை, பேப்பர் போன்ற துணைப் பொருள்களைப் பார்க்கத் தேவையில்லை என்று அந்த அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. பொக்கேயில் சுற்றிய பளபளப் பேப்பருக்குத் தனி வரி போட வேண்டுமா என்று பயந்துகொண்டிருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆயிரம் ரூபாய்க் கண்ணாடி ஜாடியில் நாலு ரோஜா வைத்து அதையும் பொக்கே என்று சொன்னால் என் ஆடிட்டர் நண்பர் புருவத்தைத் தூக்குவார். அப்படிப்பட்டதை ஜாடி வேறு, பூ வேறு என்று விலை போட்டுவிடுவது நல்லது.

டெலிவரி சார்ஜுக்கு? பூவை விற்று, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கும் சேர்த்து வாங்கினால், அது பூவோடு ஒட்டிய சேவை. சட்டத்தில் இதற்குக் கூட்டு வழங்கல் என்று பெயர். முக்கியப் பொருளுக்கு என்ன வரியோ அதுதான் கூட வருவதற்கும். பூவுக்குச் சைபர் என்றால் டெலிவரிக்கும் சைபர். சில கடைகள் பூவுக்கு வரியில்லாமல் போட்டுவிட்டு டெலிவரிக்கு மட்டும் 18 சதவீதம் சேர்த்து வாங்குவதைப் பார்க்கிறேன். யாரோ ஒரு வெப்சைட்காரர் ஆடிட்டரிடம் கேட்காமல் போட்டது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத கடை பில்லில் ‘ஜிஎஸ்டி’ என்று ஒரு பைசா வாங்கினாலும் அது சட்டப்படி தவறு, 32-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

சரி, பூ மட்டும் விற்றால் பிரச்சினையே இல்லை. விலக்கு பெற்ற பொருள் மட்டும் விற்கிறவர் எத்தனை லட்சம் விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைனில் யார் பூ மட்டும் விற்கிறார்கள்? பொக்கேயோடு ஒரு சாக்லேட் பெட்டி, ஒரு கரடி பொம்மை, ஒரு கேக். அங்கேதான் கதை மாறுகிறது.

சாக்லேட்டைச் சேர்த்ததும் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பொருள் மட்டும் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு வருடத்துக்கு 40 லட்சம். அந்த 40 லட்சத்தில் வரியில்லாத பூ விற்பனையும் சேரும். சாக்லேட் விற்றது ஐம்பதாயிரத்துக்குத்தானே என்று நினைக்கக்கூடாது. இரண்டாவது, வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால் வரம்பே கிடையாது, முதல் பெட்டியிலிருந்தே பதிவு வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பூக்கடைக்கு இது ஏட்டுச் சுரைக்காய். கடலூர்க் கடைக்கு அப்படியில்லை. பொக்கே பாலம் தாண்டினால் ஒன்றுமில்லை, கூடவே சாக்லேட் பெட்டியும் தாண்டினால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்கிற காம்போசிஷன் திட்டமும் கைகொடுக்காது. அதில் இருக்கிறவர் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது.

அக்கா யோசித்துவிட்டு, இப்போதைக்குப் புதுச்சேரி முகவரிகளுக்குப் பூ மட்டும்தான் என்றார். பதிவு எடுப்பதா வேண்டாமா என்பதை ஒரு சீசன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு அது சரியாகவே பட்டது. மாதா மாதம் ரிட்டர்ன் போடுவதற்கு ஆகும் செலவைச் சாக்லேட் லாபம் தூக்குமா என்பதுதான் கேள்வி.

பதிவு உள்ள கடைகள் கவனிக்க வேண்டியது கம்போ. ‘காதலர் தினக் கம்போ, பொக்கேயும் சாக்லேட்டும் சேர்த்து 1,150 ரூபாய்’ என்று ஒரே விலையில் போட்டால் அது கலப்பு வழங்கல். அதில் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும் வரும். அதாவது உங்கள் வரியில்லாத ரோஜாவுக்கும் சாக்லேட் வரி. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் சாக்லேட்டுக்கு 18 சதவீதம். அந்த 1,150-க்குள் 175 ரூபாய் வரியாகப் போயிருக்கும். இப்போது சாக்லேட் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டதால் 55 ரூபாய்க்குள் முடிகிறது. அதையே பொக்கே 900, சாக்லேட் 250 என்று தனித்தனி விலை போட்டு, தனித்தனி வரியாக பில்லில் காட்டினால் வரி 12 ரூபாய்தான். வாங்குகிறவர் கொடுப்பது அதே 1,150. கம்போவுக்குள் ஒரு சென்ட் பாட்டிலை வைத்தீர்களென்றால் மறுபடி 18-க்குப் போய்விடும், சென்ட்டுக்கு வரி குறையவில்லை. பொக்கே பக்கத்திலேயே ‘கூட என்ன வேண்டும்?’ என்று டிக் செய்யும் பெட்டிகள் வையுங்கள். கம்போ என்கிற வார்த்தைமேல் ஆசை இருந்தால் பேனரில் போட்டுக்கொள்ளுங்கள், விலையில் வேண்டாம்.

பூவும் சாக்லேட்டும் உள்ள ஆர்டரில் டெலிவரி சார்ஜுக்கு எந்த வரி என்றால், பொருள்களின் மதிப்புக்கு ஏற்பப் பிரித்துப் போடுவது ஆடிட்டர்கள் வழக்கம். வூகாமர்ஸ் தானாகப் பிரிக்காது, கூடையில் இருக்கும் ஒரு வரி வகையை எடுத்து மொத்தக் கட்டணத்துக்கும் போட்டுவிடும். 80 ரூபாய்க் கட்டணத்துக்கு 5 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது நாலு ரூபாய்க்கும் குறைவு. இதற்காக ஒரு பிளக்இன் வாங்கி வருஷா வருஷம் பணம் கட்டுவது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. உங்கள் ஆடிட்டர் ஒத்துக்கொண்டால் அப்படியே விட்டுவிடலாம்.

வரி இல்லாத பொருள் விற்பதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. பூவுக்குச் சைபர் என்பதால், பூவுக்காக நீங்கள் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. பூ குத்தும் ஃபோம், சுற்றும் பேப்பர் எல்லாம் வரியோடுதான் வருகின்றன. பையன் லீவு என்று ஆப்பில் பைக் புக் செய்தால் அந்தக் கட்டணத்துக்குள் 18 சதவீதம். பணம் வாங்கித்தரும் பேமெண்ட் கேட்வே 2 சதவீதம் பிடித்தால் அதன்மேல் 18 சதவீதம், ஆக 900 ரூபாய் பொக்கேக்கு 21 ரூபாய் சொச்சம். சாக்லேட் கடைக்காரர் பதிவு வைத்திருந்தால் இதையெல்லாம் தன் வரியில் கழித்துக்கொள்வார். பூக்கடைக்கு அது செலவாகவே நின்றுவிடும். எனவே முன்னால் போட்ட 75 ரூபாய்க் கணக்கில் கேட்வேயின் 21-ஐயும் சேர்த்தால் நூறை நெருங்குகிறது. இதில் பாதியைப் பூ விலையிலும் பாதியை டெலிவரியிலும் ஏற்றுவதா, எல்லாவற்றையும் விலையில் ஏற்றிவிட்டு ‘டெலிவரி இலவசம்’ என்று போடுவதா என்பது உங்கள் ஊர் வாடிக்கையாளரைப் பொறுத்தது. கடையில் நேரில் வந்து வாங்குகிறவரும் அதே விலையைப் பார்ப்பார் என்பதை மறக்காதீர்கள். அக்கா கடையில் பைக் டெலிவரி உள்ளூருக்கு 80, இலவசம் 1,499-க்கு மேல்தான் என்று முடிவானது.

இன்னொன்று, யாருடைய முகவரியைப் பார்த்து வரி போடுவது? பூக்கடையில் வாங்குகிறவர் ஒருவர், பெறுகிறவர் இன்னொருவர். மகன் பெங்களூரில் இருந்து பணம் கட்டுகிறான், அம்மா திருப்பாதிரிப்புலியூரில் பொக்கேயும் கேக்கும் வாங்கிக்கொள்கிறார். இது கர்நாடக விற்பனையா, தமிழ்நாட்டு விற்பனையா? 2024 ஜூன் 26 அன்று வந்த 209-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கிவிட்டது. வாங்குகிறவர் பதிவு இல்லாத சாதாரண ஆள் என்றால், பில் முகவரி வேறாக இருந்தாலும், பொருள் போய்ச் சேரும் முகவரிதான் கணக்கு. சிங்கப்பூரிலிருந்து கார்டு தேய்த்தாலும், பூ இறங்குவது கடலூரில் என்றால் அது உள்ளூர் விற்பனை. வூகாமர்ஸின் வரிப் பக்கத்தில் ‘எந்த முகவரியை வைத்து வரி கணக்கிட?’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் டெலிவரி முகவரி என்று வையுங்கள். பதிவு உள்ள கடையில் சாக்லேட் மாதிரி 5 சதவீதப் பொருளுக்கு, தமிழ்நாட்டுக்கு மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டு வரிசை, முன்னுரிமை எண் 1, 2 என்று வேறு வேறாக. ஒரே எண் கொடுத்தால் ஒன்றைத்தான் எடுக்கும், பாதி வரி காணாமல் போகும். மற்ற மாநிலங்களுக்கு, மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி 5 என்று ஒரு வரிசை.

விலையைக் காட்டும் விதத்துக்கும் விதி இருக்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதற்குள் டெலிவரி எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும். கடைசித் திரையில்தான் ‘கையாளும் கட்டணம்’ என்று ஒன்றை நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டன. பின்கோடு கேட்கும் பெட்டியைப் பொக்கே படத்துக்குக் கீழேயே வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மார்கழி, தை மாதப் பனியில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும்போது சிலர் டெலிவரி சார்ஜை ஏற்றிச் சமாளிக்கிறார்கள். அது வேண்டாம். பூ விலை ஏறினால் பூ விலையை ஏற்றுங்கள், அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான், யாரும் கேட்கமாட்டார்கள். நள்ளிரவு பன்னிரண்டு மணி டெலிவரிக்கும், முகூர்த்த நேர ஆட்டோவுக்கும் தனிக் கட்டணம் வைப்பது சரி, அங்கே உண்மையிலேயே ஒருவர் தூக்கம் கெட்டு வருகிறார். போன இடத்தில் ஆளில்லை என்றால் மறு டெலிவரிக்கு என்ன என்பதையும் ஆர்டர் போடும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டாம் தடவைக்குப் பாதிக் கட்டணம் என்றார் அக்கா. பூ வாடினால்? "அது அவங்க பாடு. ஆனா ஃபோன்ல அப்படிச் சொல்ல முடியுமா, இன்னொன்னு கட்டித்தான் குடுப்பேன்" என்றார். அதை விதிமுறைப் பக்கத்தில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

எல்லாம் போட்ட பிறகு, கடையைத் திறப்பதற்கு முன்னால் சில டெஸ்ட் ஆர்டர் போட்டுப் பாருங்கள். மஞ்சக்குப்பத்துக்கு வெறும் பொக்கே: வரி சைபர், டெலிவரி 80 வர வேண்டும். பாகூருக்குப் பொக்கேயும் சாக்லேட்டும்: எங்கள் கடையில் சாக்லேட்டை ஏற்கவே கூடாது, பதிவு உள்ள கடை என்றால் ஐஜிஎஸ்டி காட்ட வேண்டும். மாலையும் பொக்கேயும் ஒன்றாக: ஆட்டோ கட்டணம் மட்டும். பில் முகவரி சிங்கப்பூர், டெலிவரி கடலூர், கூடையில் சாக்லேட்: பதிவு உள்ள கடை என்றால் தமிழ்நாட்டு வரி. கடைசியாக விழுப்புரம் 605602 போட்டுப் பாருங்கள். அது புதுச்சேரி என்று வந்தால், நீங்கள் இன்னும் எங்கோ பின்கோடை வைத்து மாநிலம் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.